'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' எங்கே தவறுகிறது? கால நீளம் சொல்லும் ஆங்கில முன்னிடைச்சொற்கள்: பிழை நீக்கும் வழிமுறை

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்துவது என் அன்றாட வேலை. எழுத்துப்பிழைகளை இப்போது கணினியே பிடித்துவிடுகிறது. அதன் கண்ணில் அடிக்கடி படாமல் போவது, ஒரு செயல் எவ்வளவு காலம் நடந்தது, எதுவரை நடக்கும், எதற்குள் முடியும் என்று சொல்லும் இடங்கள்தான். 'ஃபார்', 'சின்ஸ்', 'ஃப்ரம்', 'இன்', 'பை', 'அன்டில்', 'டியூரிங்' என்று ஏழெட்டுச் சின்னச் சொற்கள். பெயருக்கு முன்னால் வரும் இவற்றைத்தான் முன்னிடைச்சொற்கள் (ப்ரெபசிஷன்) என்கிறோம். இவற்றில் ஒன்று மாறினாலும் வாக்கியம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். படிக்கிறவர் மட்டும் வேறு தேதியையோ வேறு கெடுவையோ புரிந்துகொண்டு போய்விடுவார்.

காரணம் கவனக்குறைவு இல்லை. தமிழ் காலத்தைச் சொல்லின் கடைசியில் சேர்க்கிறது: ஐந்து வருஷமாக, திங்களிலிருந்து, வெள்ளிக்குள், மாலை வரை, பத்து நிமிஷத்தில், கூட்டத்தின்போது. ஆங்கிலம் அதையே முன்னால் வைக்கிறது. முன்னா பின்னா என்பதை யாரும் இரண்டு நாளில் பழகிவிடலாம். சிரமம் பங்கு பிரிப்பதில் இருக்கிறது. நாம் 'இலிருந்து' என்ற ஒன்றை வைத்துச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். நம்முடைய 'குள்' அங்கே மூன்றாகப் பிரிகிறது. மறுபுறம், நாம் 'மூன்று மாதமாக', 'மூன்று மாதத்துக்கு' என்று வேறுபடுத்திச் சொல்வதை ஆங்கிலம் ஒரே 'ஃபார்' வைத்துச் சொல்லிவிடும். தமிழ் உருபைப் பார்த்து அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடுகிற பழக்கத்திலிருந்துதான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். போவதற்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் நிற்பது நீளமா, புள்ளியா? 'எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்குப் பதிலானால் நீளம். 'எப்போது' என்ற கேள்விக்குப் பதிலானால் புள்ளி. இரண்டாவது: செயல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

கோளாறு: 'சின்ஸ்' போட்டால் திருத்துகிறார்கள்

'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' என்னிடம் வரும் தாள்களில் மிக அதிகமாக நான் சிவப்புக் கோடு போடுவது இதற்குத்தான். முதல் கேள்வியைக் கேளுங்கள். 'ஃபைவ் இயர்ஸ்' எவ்வளவு காலம் என்பதற்குப் பதில், ஆகவே நீளம். நீளத்துக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' அல்லது 'சின்ஸ் 2019'. அவ்வளவுதான்.

எண் வந்தால் 'ஃபார்' என்று மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த அடியில் வழுக்குவார்கள். 'ஃபைவ் ஓ கிளாக்' என்பதிலும் எண் இருக்கிறது, ஆனால் அது புள்ளி: 'சின்ஸ் ஃபைவ் ஓ கிளாக்'. 'ஃபைவ் அவர்ஸ்' நீளம்: 'ஃபார் ஃபைவ் அவர்ஸ்'. எண்ணைப் பார்க்காதீர்கள், அது கடிகாரத்தின் ஓர் இடத்தைக் காட்டுகிறதா, ஓடிய தூரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

'லாஸ்ட்' என்ற சொல் இன்னொரு பொறி. 'சின்ஸ் லாஸ்ட் இயர்' சரி; போன வருஷம் என்பது நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம். 'சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்' தவறு. கடந்த இரண்டு வருஷங்கள் என்பது ஒரு நீளம். அதை 'ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்' என்று எழுத வேண்டும், நடுவில் 'த' விடுபடக் கூடாது. 'ரொம்ப நாளாக' என்பதை 'சின்ஸ் லாங்' என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. 'ஃபார் எ லாங் டைம்' என்று மாற்றுங்கள். 'சின்ஸ் சைல்ட்ஹுட்' சரிதான், ஏனென்றால் அங்கே குழந்தைப்பருவம் தொடக்கப் புள்ளியாக நிற்கிறது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது இல்லை. ஜெர்மன் மொழியின் 'ஸைட்' என்ற ஒரே சொல் 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டின் வேலையையும் பார்க்கிறது. அந்த மொழி பேசுகிறவர்களும் ஆங்கிலத்துக்கு வரும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கோளாறு: 'ஃபார்' சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மற்ற பிழைகளில் வாக்கியம் கரடுமுரடாக ஒலிக்கும், கேட்பவர் ஊகித்துக்கொள்வார். இதில் வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கும், பொருள்தான் தலைகீழாகிவிடும்.

நண்பர் ஒருவர் மாற்றலாகி வேறொரு கிளைக்குப் போனார். போய் மூன்று மாதம் ஆன சமயத்தில் ஓர் அறிமுகக் கூட்டம். 'ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ மன்த்ஸ்' என்றார். 'மூன்று மாதமாக இங்கே இருக்கிறேன்' என்பது அவர் மனதில் இருந்த வாக்கியம். கேட்ட மேலாளர் 'மூன்று மாதத்துக்காக வந்திருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டார். நீண்ட காலப் பணி எதையும் அவருக்குத் தரவில்லை. உங்களுக்கு அடுத்து யார் வருகிறார் என்று ஒருநாள் அவர் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

எங்கே தவறியது? தமிழில் இரண்டு வாக்கியத்திலும் வினைச்சொல் நிகழ்காலம்தான்: 'மூன்று மாதமாக இருக்கிறேன்', 'மூன்று மாதத்துக்கு இருக்கிறேன்'. வேறுபாட்டை 'ஆக', 'க்கு' என்ற உருபுகள் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃபார்'தான், ஆகவே வேறுபாட்டை வினைச்சொல் சுமக்க வேண்டியிருக்கிறது. தொடங்கி இதுவரை ஓடிவந்த காலம் என்றால் 'ஹேவ் பீன்'. மொத்தமாகத் திட்டமிட்ட காலம் என்றால் 'ஆம்' அல்லது 'வில் பி'. அவர் சொல்லியிருக்க வேண்டியது 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ மன்த்ஸ்'.

கேள்வியிலும் இதே கத்தி இருக்கிறது. 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?' என்றால் வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கிறார்கள். 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்றால் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்கிறார்கள். காதில் 'ஹவ் லாங்' விழுந்ததும் பதில் சொல்ல ஆரம்பித்துவிடாமல், 'ஹேவ் பீன்' வந்ததா 'ஆர்' வந்ததா என்று கவனியுங்கள்.

மூன்றாவதாக இறந்தகால வினை. 'ஐ லிவ்டு தேர் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருஷம் இருந்தேன், இப்போது இல்லை. இன்னும் அங்கேயே இருப்பவர் இதை எழுதினால், வீடு மாறிவிட்டார் என்று படிப்பவர் நினைப்பார். ஆக, 'ஃபார்' பக்கத்தில் எழுதும்போதெல்லாம் முன்னிடைச்சொல்லை விட்டுவிட்டு வினையைச் சோதியுங்கள்.

கோளாறு: 'ஃப்ரம்' போடுவதா, 'சின்ஸ்' போடுவதா?

'திங்களிலிருந்து காய்ச்சல்' என்பதை 'ஐ ஹேவ் ஃபீவர் ஃப்ரம் மண்டே' என்று எழுதுகிறோம். புள்ளியை நன்றாகவே கண்டுபிடித்துவிட்டோம், சொல்தான் மாறிவிட்டது. தொடக்கப் புள்ளியிலிருந்து இந்த நிமிஷம் வரை கோடு நீண்டு வந்திருந்தால் 'சின்ஸ்': 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் மண்டே'. முடிவுப் புள்ளியும் சேர்த்துச் சொல்கிறீர்கள், அல்லது கோடு இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றால் 'ஃப்ரம்': 'ஃப்ரம் மண்டே டு ஃப்ரைடே', 'ஃப்ரம் டுமாரோ'.

'ஃப்ரம் ஃபைவ் இயர்ஸ்' என்பது எந்தக் கணக்கிலும் சேராது. அது நீளம், மேலே உள்ள 'ஃபார்' பகுதிக்குப் போங்கள்.

ஒரு சின்ன இணைப்பு: 'ஃப்ரம்' வந்தால் ஜோடி 'டு'. 'பிட்வீன்' வந்தால் ஜோடி 'அண்ட்'. 'பிட்வீன் டூ டு ஃபோர்' என்று எழுதாதீர்கள்.

கோளாறு: 'ஐந்து வருஷத்துக்கு முன்' என்றால் 'பிஃபோர் ஃபைவ் இயர்ஸ்' தானே?

இல்லை. இந்த நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', அதுவும் நீளத்துக்குப் பின்னால்: 'ஃபைவ் இயர்ஸ் அகோ'. ஆங்கிலம் முன்னால் வைக்கும் மொழி என்றேன்; இந்தச் சொல்லோ தமிழ் போலப் பின்னால் வந்து நிற்கிறது. 'வருஷத்துக்கு முன்' என்று நாம் சொல்லும் அதே வரிசைதான். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டால் மறக்காது.

'பிஃபோர்' எங்கே வரும்? ஒரு நிகழ்ச்சிக்கோ புள்ளிக்கோ முன்னால்: 'பிஃபோர் த மீட்டிங்', 'பிஃபோர் டென் ஓ கிளாக்'. கடந்துபோன ஒரு சம்பவத்திலிருந்து இன்னும் பின்னோக்கி எண்ணும்போதும் வரும், ஆனால் நீளத்துக்குப் பின்னால்: 'நான் அவரைப் பார்க்கப் போனேன், அவர் இரண்டு நாளுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார்' என்பதில் 'ஹி ஹேட் லெஃப்ட் டூ டேஸ் பிஃபோர்'.

'அகோ' வந்துவிட்டால் வினையில் 'ஹேவ்' வரக் கூடாது. 'ஐ ஹேவ் ஜாயின்டு டூ இயர்ஸ் அகோ' தவறு, 'ஐ ஜாயின்டு டூ இயர்ஸ் அகோ' சரி. 'சேர்ந்திருக்கிறேன்' என்று தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது 'ஹேவ்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'சேர்ந்தேன்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், போய்விடும்.

கோளாறு: பத்து நிமிஷத்தில் அழைக்கிறேன் என்றேன், அவருக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை

'ஐ வில் கால் யூ ஆஃப்டர் டென் மினிட்ஸ்.' பொருள் ஓரளவு விளங்கும். ஆனால் ஆங்கிலம் புழங்கும் வழி வேறு: இப்போதிலிருந்து எண்ணிப் பத்தாவது நிமிஷம் என்றால் 'இன் டென் மினிட்ஸ்'. 'ஆஃப்டர்' ஒரு நிகழ்ச்சியோடு இயல்பாகச் சேரும்: 'ஆஃப்டர் த மீட்டிங்'. கதை சொல்லும்போது, 'பத்து நிமிஷம் கழித்து அவர் எழுந்து போனார்' என்பதுபோல இறந்தகாலத்தில், 'ஆஃப்டர் டென் மினிட்ஸ்' நன்றாகவே உட்காரும்.

அதிகபட்ச எல்லை சொல்ல வேண்டுமானால் 'வித்தின்'. '24 மணி நேரத்துக்குள் பதில் வரும்' என்றால் 'வித்தின் ட்வென்டி ஃபோர் அவர்ஸ்': ஒரு மணி நேரத்திலும் வரலாம், 24 தாண்டாது. வாடிக்கையாளருக்கு வாக்குறுதி எழுதுகிறவர்கள் 'இன்', 'வித்தின்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

'வித்தின்' நீளத்தோடுதான் சேரும் என்பது இங்கே முக்கியம். 'வெள்ளிக்குள்', 'ஐந்து நாளுக்குள்' என்று தமிழ் இரண்டிலும் 'குள்' போடுகிறது. 'வித்தின் ஃபைவ் டேஸ்' சரி. 'வித்தின் ஃப்ரைடே' தவறு. வெள்ளி ஒரு புள்ளி. அதற்கு 'பை ஃப்ரைடே'. வெள்ளி விடிவதற்குள்ளேயே வேண்டும் என்றால் 'பிஃபோர் ஃப்ரைடே'. 'பை' வெள்ளியையும் உள்ளே சேர்க்கிறது, 'பிஃபோர்' வெளியே நிறுத்துகிறது. நம்முடைய 'குள்' ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது என்றேனே, அந்த மூன்றும் இவைதான்.

கோளாறு: வேலையை முடித்துவிட்டேன் என்று எழுதினேன், முடித்தாயா என்று கேட்கிறார்கள்

'ஐ ரெட் த ரிப்போர்ட் ஃபார் டூ அவர்ஸ்.' இரண்டு மணி நேரம் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் இதில் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை போனேனா என்பது இதில் இல்லை. 'ஐ ரெட் த ரிப்போர்ட் இன் டூ அவர்ஸ்' என்றால் முழுவதையும் படித்து முடித்தேன், அதற்கு ஆன நேரம் இரண்டு மணி.

மொழியியலில் இது புகழ்பெற்ற சோதனை. ஜீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் 1957-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார். எல்லைக்கோடு இல்லாமல் ஓடும் செயல் ஒரு வகை, எல்லைக்கோட்டைத் தொட்டால்தான் நிறைவேறும் செயல் இன்னொரு வகை. 'ஃபார்' முதல் வகையோடு சேரும், 'இன்' இரண்டாம் வகையோடு சேரும். நடப்பது முதல் வகை. ஒரு வட்டம் வரைவது இரண்டாம் வகை. பாதி வட்டம் வட்டம் ஆகாது.

தமிழ் தெரிந்தவருக்கு இந்தப் பாகுபாட்டை யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை என்று நான் நினைக்கிறேன். 'இரண்டு மணி நேரம் படித்தேன்', 'இரண்டு மணி நேரத்தில் படித்து முடித்தேன்' என்று இயல்பாகவே பிரித்துப் பேசுகிறோம். நேரம் வெறுமனே நின்றால் 'ஃபார்'. 'நேரத்தில்' என்று 'இல்' ஒட்டி, 'முடித்தேன்', 'விட்டேன்' என்று துணைவினையும் வந்தால் 'இன்'. தமிழ் உருபை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னவன், இந்த ஓர் இடத்தில் மட்டும் தயங்காமல் நம்புங்கள் என்கிறேன். 'பத்து நிமிஷம் தூங்கினேன்': 'ஐ ஸ்லெப்ட் ஃபார் டென் மினிட்ஸ்'. 'பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன்': 'ஐ ஃபெல் அஸ்லீப் இன் டென் மினிட்ஸ்'. வினையே மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? தூக்கம் ஓடுகிற செயல். கண் அயர்வது ஒரு நொடியில் நிகழ்வது.

கோளாறு: கெடு தேதியில் குழப்பம் ('பை', 'அன்டில்')

என் அனுபவம் ஒன்று. சந்திக்க வருவதாகச் சொன்ன ஒருவருக்கு 'ஐ வில் பி இன் தி ஆஃபீஸ் பை ஃபைவ்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து மணி வரை இருப்பேன் என்பது என் எண்ணம். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஐந்தேகாலுக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் அனுப்புவதற்கு முன் இரண்டு முறை பார்க்கிறேன்.

'அன்டில்' அந்த நேரம் வரை நீளும் கோடு. 'பை' அந்த நேரமோ அதற்கு முன்போ விழும் புள்ளி. ஆகவே வினையைப் பாருங்கள். காத்திருப்பது, தங்குவது, வேலை பார்ப்பது எல்லாம் கோடு: 'வெயிட் அன்டில் ஃபைவ்'. அனுப்புவது, முடிப்பது, வந்து சேர்வது எல்லாம் புள்ளி: 'சென்ட் இட் பை ஃபைவ்'. 'சப்மிட் டில் ஃப்ரைடே' என்பது புள்ளி வினைக்குக் கோட்டுச் சொல் போட்டது. 'வெள்ளி வரை சமர்ப்பிக்கலாம்' என்று தமிழில் சொல்ல முடிகிறது, அந்த 'வரை'தான் இங்கே வழி தவற வைக்கிறது. வினை 'பி' என்று வரும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அது இரண்டு பக்கமும் சாயும். என் கடிதத்தில் நடந்தது அதுதான்.

'டில்', 'அன்டில்' இரண்டும் ஒன்றே. 'டில்' சுருக்கம் என்று நினைத்து முன்னால் ஒரு மேற்குறி போடுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. இரண்டில் 'டில்'தான் மூத்த சொல்.

'அன்டில்' பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும்போது நம்மவர்களுக்கு இரண்டு சிக்கல். முதலாவது, 'அவர் வரும் வரை காத்திரு' என்பதை 'வெயிட் அன்டில் ஹி வில் கம்' என்று எழுதுவது. இதன் பிறப்பிடம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: 'வரும்' என்பது எதிர்காலப் பெயரெச்சம். மனதில் எதிர்காலம் ஒலிப்பதால் கை 'வில்' எழுதுகிறது. ஆங்கிலம் அங்கே நிகழ்காலத்தைத்தான் கேட்கிறது: 'அன்டில் ஹி கம்ஸ்'.

இரண்டாவது, எதிர்மறை. 'நீங்கள் சொல்லாத வரை நான் தொட மாட்டேன்' என்று தமிழில் இரண்டு பக்கமும் 'இல்லை' வைக்கிறோம். அப்படியே எடுத்துப்போனால் 'ஐ வோன்ட் டச் இட் அன்டில் யூ டோன்ட் டெல் மி' என்று ஆகும், படிப்பவர் நின்றுவிடுவார். ஒரு 'நாட்' போதும்: 'ஐ வோன்ட் டச் இட் அன்டில் யூ டெல் மி'. சொல்லாத காலம் முழுவதும் என்று நாம் நீளத்தை அளக்கிறோம். சொல்லும் அந்தக் கணம் வரை என்று ஆங்கிலம் எல்லையைக் குறிக்கிறது. 'நாட் அன்டில் ஃபைவ்' என்று யாராவது சொன்னால் ஐந்துக்கு மேல்தான் என்று படித்துக்கொள்ளுங்கள்.

கோளாறு: 'டியூரிங்' போட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு

'போது' என்றதும் 'டியூரிங்' என்று எழுதுவதால் வருவது. 'டியூரிங்' பெயர்ச்சொல்லோடு மட்டும் சேரும்: 'டியூரிங் த மீட்டிங்'. பின்னால் எழுவாயும் வினையும் வந்தால் 'வைல்': 'வைல் ஐ வாஸ் ட்ராவலிங்'. 'டியூரிங் ட்ராவலிங்' என்று எழுத நினைத்தால் 'வைல் ட்ராவலிங்' என்று மாற்றிவிடுங்கள். எண்ணி அளந்த நீளத்துக்கு முன் 'டியூரிங்' வராது; 'டியூரிங் த்ரீ அவர்ஸ்' என்பதை 'ஃபார் த்ரீ அவர்ஸ்' ஆக்குங்கள். 'டியூரிங்' எப்போது நடந்தது என்பதற்குப் பதில், 'ஃபார்' எவ்வளவு நேரம் என்பதற்குப் பதில்: 'கூட்டத்தின்போது பத்து நிமிஷம் மின்சாரம் இல்லை' என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்.

கோளாறு: தேவையில்லாத இடத்தில் முன்னிடைச்சொல்

'ஆல் டே', 'ஆல் நைட்' முன்னால் எதுவும் வேண்டாம். 'ஃபார் ஆல் டே' தவறு. 'முழு நாளும்' என்பதை 'ஃபுல் டே' என்று எழுதுவதைவிட 'த ஹோல் டே' அல்லது 'ஆல் டே' நன்றாக ஒலிக்கும். பேச்சில் 'ஐ ஹேவ் லிவ்டு ஹியர் டென் இயர்ஸ்' என்று 'ஃபார்' உதிர்ந்துபோவதைக் கேட்பீர்கள். அது பிழை இல்லை. எதிர்மறை வாக்கியத்தில் அது உதிராது: 'ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்'. அமெரிக்கர்கள் அங்கே 'இன் டென் இயர்ஸ்' என்றும் சொல்வார்கள்.

கோளாறு: கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது

'சின்ஸ் ஹவ் லாங்', 'ஃப்ரம் ஹவ் மெனி டேஸ்' இரண்டையும் விட்டுவிடுங்கள். 'எத்தனை நாளாக' என்பதற்கு 'ஹவ் லாங்' மட்டும் போதும். 'சின்ஸ் வென்' இலக்கணப்படி சரி, ஆனால் தனியாகக் கேட்டால் 'இது எப்போதிலிருந்து?' என்று நம்பாமல் புருவம் உயர்த்துவதுபோலக் கேட்கும். நோயாளியிடமோ வாடிக்கையாளரிடமோ கேட்கும்போது தவிர்ப்பது நல்லது.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு கடிதம்

என்னிடம் வரும் கடிதங்களின் சாயலில் ஒன்றை இங்கே எழுதிக் காட்டுகிறேன். ஒவ்வொரு வரியாகச் சரிசெய்வோம்.

'ஐ ஜாயின்டு பிஃபோர் டூ இயர்ஸ்.' இன்றிலிருந்து எண்ணுகிறார். 'டூ இயர்ஸ் அகோ'.

'ஐ ஆம் ஹேண்ட்லிங் திஸ் ஒர்க் சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ்.' இரண்டு பிழை. ஆறு மாதம் நீளம், ஆகவே 'ஃபார்'. இதுவரை ஓடிவந்த காலம், ஆகவே 'ஹேவ் பீன் ஹேண்ட்லிங்'. முன்னிடைச்சொல்லை மட்டும் திருத்தி வினையை அப்படியே விடுபவர்கள்தான் அதிகம்.

'ப்ளீஸ் சென்ட் த ஃபைல் வித்தின் ஃப்ரைடே.' வெள்ளி புள்ளி, அனுப்புவது புள்ளி வினை, 'பை ஃப்ரைடே'.

'ஐ வில் ரிப்ளை ஆஃப்டர் டூ டேஸ்.' இங்கே எழுதியவரிடம் கேட்காமல் திருத்த முடியாது. இரண்டாவது நாளில்தான் பதில் என்றால் 'இன் டூ டேஸ்'. அதற்கு முன்பும் வரலாம் என்றால் 'வித்தின் டூ டேஸ்'.

'டோன்ட் க்ளோஸ் இட் அன்டில் ஐ வில் கன்ஃபர்ம்.' 'வில்' போகட்டும். 'அன்டில் ஐ கன்ஃபர்ம்'.

'ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் மண்டே டில் வெட்னஸ்டே.' இந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் புதன்கிழமை விடுப்பா, வேலையா என்று படிப்பவருக்குத் தெரியாது. 'டில்' அந்த நாளைச் சேர்க்கிறதா விடுகிறதா என்பதை ஆங்கிலம் பேசுகிறவர்களே ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் 'மண்டே த்ரூ வெட்னஸ்டே' என்றால் புதனும் உள்ளே. அந்த வழக்கு தெரியாத ஊருக்குக் கடிதம் போகிறது என்றால், வரியைத் தொடாமல் பக்கத்தில் இன்னொன்றைச் சேருங்கள்: 'ஐ வில் பி பேக் ஆன் தர்ஸ்டே.'